மரப்பந்தில் போட்ட துளை

உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் கோத்துக் கட்டும், உள்ளே காலி அறைகள் உள்ள சட்டகங்களுக்காக (சுருக்கமாக எம்ஓஎஃப்) ராப்சன், கிதாகவா, யாகி மூவருக்கும் 2025 வேதியியல் நோபல் அறிவித்த நாளிலிருந்து, பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பொருள் என்று ஒரே செய்தியைத்தான் எல்லாரும் சுற்றில் விடுகிறார்கள். பொய் இல்லை. ஓமர் யாகியின் குழு அரிசோனாவில் செய்தே காட்டியது. இரவில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், காலையில் வெயில் பட்டதும் விட்டுவிடும். ஆனால் உடனே "எப்போ கடைக்கு வரும், என்ன விலை?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு எரிச்சல். ஏனென்றால் இந்தக் கதை தொடங்கியது தண்ணீரில் இல்லை, மரப்பந்தில்.

1974. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ராப்சன், மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி செய்துகாட்ட, மரப்பந்துகளைப் பட்டறைக்கு அனுப்பித் துளை போடச் சொல்கிறார். ஒவ்வொரு அணுவும் ஒவ்வொரு கோணத்தில் பிணையும், அதனால் எந்தப் பந்தில் எங்கே துளை என்று குறித்துக் கொடுக்கவேண்டும். பந்துகள் திரும்பி வந்ததும் குச்சி செருகிப் பார்த்தால், துளை சரியான இடத்தில் இருப்பதாலேயே மாதிரி தானாக ஒழுங்காக அமைந்துவிடுகிறது. அப்படியென்றால் நிஜ அணுக்களையும் இப்படிக் கோக்கலாமே! தோன்றியதென்னவோ அன்றைக்கு, செய்துபார்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. செம்பு அயனியோடு நான்கு கை உள்ள ஒரு மூலக்கூறைச் சேர்த்தார். வைரத்தைப் போன்ற அடுக்கு, ஆனால் உள்ளே காலி அறைகள். 1989-ல் கட்டுரை வந்தது. சரி, பயன்? ஒன்றும் இல்லை, எளிதில் சரிந்துவிடும் பொருள் அது.

ஜப்பானில் சுசுமு கிதாகவாவுக்கும் இதே பாடுதான். ஆராய்ச்சிக்கு நிதி கேட்டார், கொடுப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. 1997-ல் அவர் கட்டிய சட்டகத்துக்குள் மீத்தேனும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் போய் வந்தன, சட்டகம் குலையவில்லை. அதற்கும், இதைத்தான் நுண்துளைகள் உள்ள சியோலைட் என்ற கனிமமே செய்கிறதே என்றார்கள். அப்புறம் 1999-ல் யாகியின் எம்ஓஎஃப்-5: 300 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஓரிரு கிராமுக்குள்ளேயே ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு அடங்கிக்கிடக்கும். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

பரிசு அறிவித்தபோது ராப்சனுக்கு 88 வயது. 1974-ல் அந்தத் துளைகளால் என்ன லாபம் என்று யாராவது கேட்டிருந்தால், பாடம் நடத்த என்பதைத் தவிர அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்?

எங்கள் பள்ளியிலும் பந்தும் குச்சியுமாக ஒரு செட் இருந்தது, பிளாஸ்டிக்கில். லேப் பீரோவில் பூட்டியே கிடக்கும், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் மேசைக்கு வரும். பிளஸ் டூ முடிக்கும்வரை ஒரு குச்சியைக்கூட நான் செருகிப் பார்த்ததில்லை.