பொங்கினால் சுத்தமாகிவிடுமா?

ஆப்ப சோடாவைக் கொட்டி, மேலே வினிகரை ஊற்றி, புஸ்ஸென்று பொங்குவதைக் காட்டும் வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வாரம் ஒன்றாவது வந்துவிடுகிறது. போன மாதம் நானும் நம்பினேன். காட்பாடி வீட்டுக் குளியலறையில் குழாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை. லாங் பஜாரில் அரைக் கிலோ சோடாவும் ஒரு பாட்டில் வினிகரும் வாங்கி வந்து கலந்து தேய்த்தேன். நுரை வந்தது, தோள்பட்டை வலித்தது, கறை அசையவே இல்லை.

சோடா காரம், வினிகர் அமிலம். கலந்தால் ஒன்றின் பலத்தை இன்னொன்று தின்றுவிடும். பொங்கிப் போவது கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். அதைத்தான் காசு கொடுத்து வாங்கித் தரையில் ஊற்றியிருக்கிறேன்.

நம்ம வேலூர்ப் பக்கத்துக் கறையே வேறு. தண்ணியில்லாத ஆறு என்று பாலாற்றைக் கிண்டல் செய்வார்களே, அந்த ஊர். குடிக்கக் காவிரித் தண்ணீர் வந்தாலும், எங்கள் வீட்டில் குளிக்க, கழுவ எல்லாம் போர் தண்ணீர்தான். அதில் கரைந்திருக்கும் கால்சியம், காயக் காய சுண்ணாம்பாகப் படிகிறது. சுண்ணாம்பை எந்தக் காரமும் கரைக்காது, புளிப்புதான் கரைக்கும். மறுநாள் வெறும் வினிகரில் துணியை நனைத்துக் குழாயில் சுற்றிவைத்தேன். அரை மணி நேரத்தில் பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே உதிர்ந்தது.

எங்க ஆயாவுக்கு இந்த வேதியியல் எதுவும் தெரியாது. ஆனால் பித்தளைக் குடத்துக்குப் புளி, எண்ணெய்ச் சட்டிக்கு அடுப்புச் சாம்பல் என்று பிரித்துத்தான் வைத்திருந்தார். சாம்பலும் காரம்தான். துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணிலும் இருப்பது சோடாவின் சொந்தக்காரனான சோடியம் கார்பனேட்.

அதற்காகச் சோடாவை மட்டம் தட்டவில்லை. டீ டம்ளர் கறைக்கும், ஸ்டீல் சிங்க்கில் ஒட்டும் பிசுக்குக்கும், ஃபிரிட்ஜ் வாடைக்கும் அதை விட்டால் எனக்கு வேறு கிடையாது. கண்ணாடியைவிட மென்மையான பொடி என்பதால் கீறல் விழாது. ஈரம் லேசாக இருக்கும்படி குழைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம், கறுத்துப்போகும்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிற சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

குழாய் பளபளத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வினிகரைச் சமையல் மேடையிலும் ஊற்றினேன். எங்கள் மேடை கடப்பாக்கல். அதுவும் சுண்ணாம்புக்கல் வகைதான் என்பது ஊற்றிய பிறகுதான் உறைத்தது. கறுப்புக் கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போன ஒரு திட்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இட்லி மாவுப் பாத்திரத்தை நகர்த்தி அதன் மேல் வைத்துவிட்டார்.