சங்கம் வேறு, கவுன்சில் வேறு
பிரிட்டனில் கைரோபிராக்டர்களை, அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை தருபவர்களை, கண்காணிப்பது அவர்களுடைய சங்கம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது தவறு. அந்த அதிகாரம் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலுடையது. அதன் பதிவேட்டில் இல்லாதவர் தன்னைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொண்டாலே குற்றம். சங்கம் உறுப்பினர் நலனுக்கானது. குழந்தைகளின் வயிற்றுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் இந்தச் சிகிச்சை உதவும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று 2008இல் எழுதிய அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது அவதூறு வழக்குப் போட்டது பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம்தானே? 2010இல் வழக்கைக் கைவிட்டது. இடையில் நடந்ததுதான் வேடிக்கை: கைரோபிராக்டர்களின் விளம்பரங்கள் பற்றிக் கவுன்சிலுக்குப் புகார்கள் குவியவும், அவர்களின் இன்னொரு சங்கமான மக்டிமோனி சங்கம் தன் உறுப்பினர்களை அவரவர் இணையதளத்தை உடனே எடுத்துவிடச் சொன்னது! முதுகுவலிக்காக நான் போன இடத்திலும் வரவேற்பு மேசைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது சங்கத்தின் சான்றிதழ்தான். பதிவு எண்ணைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. பதிவு இருந்தால் சிகிச்சையும் நிரூபணமானது என்று மேலே கருத்திட்ட நண்பருக்கு: பதிவு ஆளுக்குத்தான். முதுகெலும்பின் ‘சப்லக்ஸேஷன்’, அதாவது எலும்புகள் இடம் பிசகியிருப்பதாகக் கைரோபிராக்டர்கள் சொல்வது, நோய்களுக்குக் காரணம் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்று 2010இல் அறிவித்ததே அந்தக் கவுன்சில்தான்.