எனக்கு ஆலன் பேஜ்தான்

அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சு வந்தாலே பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பெயர்களாகத்தான் அடுக்குவார்கள். எதிரணியை மறிக்கும் தடுப்பாட்டம் என்றால் லாரன்ஸ் டெய்லரோடு பேச்சு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் ஆலன் பேஜ்தான்.

1967 முதல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் டிஃபென்சிவ் டேக்கிள். தடுப்பு வரிசையின் நடுவில் நின்று முட்டி மோதுகிற இடம் அது. பேஜ் அங்கே எடையை நம்பவில்லை, வேகத்தை நம்பினார். பந்து கைமாறும் நேரத்தில் ஆள் உள்ளே புகுந்திருப்பார். 1971-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கும் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். தடுப்பாட்டக்காரருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் 1986-இல் டெய்லருக்கு, அவ்வளவுதான்.

"நாலு சூப்பர் பவுல் இறுதிப்போட்டி ஆடி நாலிலும் தோற்ற அணிதானே?" என்பார்கள். சரி, தோற்றார்கள். ஆனால் 15 வருஷம், 218 லீக் ஆட்டங்கள், ஒன்றைக்கூட விடாமல் ஆடிய மனிதரை அந்த நாலு நாளை வைத்து அளக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1978-இல் பட்டம் வாங்கினார். அதே வருஷம், பருவத்தின் நடுவில், வைக்கிங்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. நெடுந்தூரம் ஓடிப் பழகி உடம்பு இளைத்துவிட்டதாம்! சிகாகோ பேர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அந்த இளைத்த உடம்போடுதான் 1981 வரை ஆடினார்.

என்னை உலுக்கியது 1988-இல் கேன்டன் ஊரில், ஃபுட்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்த விழா. அவர் பிறந்த ஊர் அது. அங்கே ஹால் ஆஃப் ஃபேம் கட்டடம் எழும்பியபோது இளைஞராகக் கட்டுமான வேலை பார்த்தவர். அதே இடத்தில் தனக்கு மரியாதை செய்யும் நாளில், தன்னை அறிமுகப்படுத்த ஒரு பள்ளித் தலைமையாசிரியையை அழைத்துவந்தார். பேச்சில் ஆட்டப் பெருமை கொஞ்சம்தான். அணிக் கூட்டத்தில் ஆட்டத் திட்டப் புத்தகத்தை ஒவ்வொருவராக உரக்க வாசிக்கச் சொன்னபோது, சக வீரர்கள் சிலர் எழுத்துக்கூட்ட முடியாமல் திணறியதைத்தான் சொன்னார். கல்லூரி வரை போய் ஆடிவிட்டு வந்தவர்கள்! அவர்களை மைதானத்தில் கொண்டாடிய யாருக்கும் அது கண்ணில் படவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த ஆண்டே மாணவர்களுக்குக் கல்வி உதவி தரும் அறக்கட்டளை தொடங்கினார். 1993 முதல் 2015 வரை மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி. அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். மினியாபோலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி மாணவர்களே முன்னின்று கேட்டு வாங்கினார்கள். பலகையில் இருப்பது "ஜஸ்டிஸ் பேஜ்".