கார்ட்டை அப்படியே அனுப்ப ஒரு பட்டன் வைக்க முடியாதா?

எதைப் பார்த்தாலும் ஷேர் செய்யச் சொல்கிறார்கள். ஒரு செருப்பின் படத்தைத் திறந்தால் போதும், பக்கத்திலேயே அம்புக்குறி வந்து நிற்கிறது. ஆனால் நாள்கணக்கில் உட்கார்ந்து, விலை ஒப்பிட்டு, அளவு பார்த்து, குறை சொன்னவர்கள் எழுதியதையெல்லாம் படித்து நிரப்பிய கார்ட்டை, அதாவது வாங்குவதற்காகச் சேர்த்து வைத்த சாமான் பட்டியலை, அப்படியே இன்னொருவருக்கு அனுப்ப வழி கிடையாது. இந்தப் பெரிய ஷாப்பிங் ஆப்களை நடத்துகிறவர்கள் வீட்டில் யாருமே இன்னொருவருக்காகச் சாமான் வாங்கியதில்லையா?

என் மகள் கல்யாணம் முடிந்து பெங்களூரில் குடித்தனம் வைக்கிறாள். சாமான் தேர்ந்தெடுப்பது காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் இருக்கிற நான். பணம் கட்டுவது சிங்கப்பூரில் இருக்கிற என் அண்ணன், அவளுக்கு அம்மான். சாமான் போய் இறங்க வேண்டியது பெங்களூரில். எங்கள் பக்கம் இதில் புதுசு ஒன்றும் இல்லை. ஒருவர் பார்ப்பார், ஒருவர் கொடுப்பார், வாங்கிக்கொள்கிறவர் வேறு ஊரில் இருப்பார். அந்தக் காலத்தில் ஐயாமார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போய் ரங்கூனில் உட்கார்ந்திருந்தபோதும் இப்படித்தான் நடந்தது. ஊரிலிருந்து கடுதாசி போகும், சாமான் கப்பலேறி வரும். இன்றைக்கும் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி நிற்கிற பர்மாத் தேக்குத் தூண்கள் கடல் தாண்டி வந்தவைதான்.

அண்ணன் சொன்னது ரொம்பச் சாதாரணமான பேச்சு. "நீ எல்லாத்தையும் பார்த்து கார்ட்டுல போட்டு வையி ஆத்தா. எனக்கு அனுப்பி விடு, நான் கட்டிடுறேன்." அதில் என்ன தப்பு? எங்கே இருக்கிறது அனுப்புகிற இடம்? ஆப்பைத் தலைகீழாகப் புரட்டியாயிற்று. விஷ்லிஸ்ட்டைப் பகிரலாம் என்று சில தளங்களில் இருக்கிறது. கார்ட்டில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக அதற்கு மாற்ற வேண்டும். எதில் எத்தனை என்று அவரிடம் திரும்பவும் தனியாகச் சொல்ல வேண்டும்.

சரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாம் என்றால், கார்ட்டில் பொருளின் பெயர் முழுதாகத் தெரிவதில்லை. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷர் குக்கர், 5 லிட்டர், இன்..." என்று மூன்று புள்ளியோடு நின்றுவிடுகிறது. அந்த "இன்" இன்னர் லிட்டா, இன்டக்‌ஷனா? மூடி உள்ளே போகிற குக்கரும் வெளியே மூடுகிற குக்கரும் ஒன்றா? சமைக்கிறவளுக்குத் தெரியும் வித்தியாசம். சிங்கப்பூரில் ஆபீஸ் இடைவேளையில் போனைப் பார்க்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி லிங்க். வாட்ஸ்அப்பில் லிங்க்காகக் கொட்டிக் கிடக்கிறது. நான் தேர்ந்தெடுத்திருந்தது வார்ப்பிரும்புப் பணியாரக் கல், 12 குழி. அண்ணன் லிங்க்கைத் திறந்தால் அதே பக்கத்தில் முதலில் நிற்பது 7 குழி நான்ஸ்டிக். நான் தேர்ந்தெடுத்த அளவு லிங்க்கோடு போகவில்லை. அவர் அதையே ஆர்டர் செய்துவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் கண்ணுக்கு அதைத்தானே காட்டினார்கள்? இன்னும் சில லிங்க்குகளைத் திறந்தால் "இந்த முகவரிக்கு டெலிவரி கிடையாது" என்று வருகிறது. முன்பு எப்போதோ அவர் காரைக்குடி பின்கோடு போட்டு வைத்திருக்கிறார், பெங்களூருக்கு மாற்ற வேண்டும் என்பது யாருக்குத் தோன்றும்?

தப்பான கல் பெங்களூரில் வந்து இறங்கியது. திருப்பி அனுப்பலாம் என்றால், ஆர்டர் போட்ட கணக்கிலிருந்துதான் கேட்க வேண்டுமாம். அதாவது சிங்கப்பூரிலிருந்து. எடுத்துப் போக வந்த பையன் வாசலில் நின்று ஓடிபி கேட்கிறான். ஓடிபி அண்ணன் போனுக்குப் போகிறது. அண்ணன் மீட்டிங்கில் இருக்கிறார். மகள் எனக்குப் போன் போடுகிறாள், "ஆத்தா, அம்மான் எடுக்க மாட்டேங்கிறாக, இந்தப் பையன் கிளம்புறேங்கிறான்" என்று. நான் அண்ணன் மனைவி அண்ணமிண்டிக்குப் போடுகிறேன். அதற்குள் பையன் போய்விட்டான். அவனுக்கு இன்னும் எத்தனை வீடோ, அவனைச் சொல்லி என்ன பயன்? ஒரு பணியாரக் கல்லுக்காக மூன்று ஊரில் நான்கு பேர் போனும் கையுமாக நின்றோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு யோசனை வரும்: "பாஸ்வேர்டைக் கொடுத்துவிட வேண்டியதுதானே, அவரே உள்ளே வந்து கட்டட்டும்." எதற்குக் கொடுக்க வேண்டும்? அந்தக் கணக்கில் என் வங்கி கார்டு இருக்கிறது, சொந்தக்காரர்கள் முகவரியெல்லாம் இருக்கிறது, இதுவரை வாங்கியது அத்தனையும் இருக்கிறது. உள்ளே நுழைய என் போனுக்கு ஓடிபி வரும், அதை நான் போனில் வாசித்துக் காட்ட வேண்டும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதே, ஏமாந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு என்று வங்கியும் அரசாங்கமும் தொண்டை கிழியக் கத்துகின்றன. இங்கே ஒரு பட்டன் இல்லாத காரணத்தால் வீட்டுக்கு வீடு ஓடிபி வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கு அண்ணனிடம் வாசித்துப் பழகிய பாட்டி நாளைக்கு எவனோ கூப்பிட்டாலும் வாசிப்பார். அந்தப் பாவம் யாரைச் சேரும்?

"பணத்தை அனுப்பச் சொல்லி நீயே கட்டு" என்பது அடுத்த யோசனை. பணம் அனுப்புவது சுலபம்தான். 2023 பிப்ரவரியில் நம் யுபிஐயையும் அதேபோல் சிங்கப்பூரில் பணம் அனுப்புகிற பேநவ்வையும் இணைத்துவிட்டார்கள், கடல் தாண்டிப் பணம் நிமிஷத்தில் வரும். ஆனால் அம்மான் செய்கிற முறையை அம்மான்தான் பார்த்துச் செய்ய வேண்டும். "இந்த மிக்ஸி வேண்டாம், இதைவிட நல்லதா எடு" என்று மாற்றுகிற உரிமை அவருக்கு உண்டு. அவரை வெறும் பணம் அனுப்புகிற ஆளாக்க எனக்கு மனசில்லை.

தொழில்நுட்பத்தில் முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். இணையக் கடையில் கார்ட் நினைவில் நிற்பதற்காக 1994-லேயே நெட்ஸ்கேப் என்கிற பிரௌசர் கம்பெனியில் லூ மொன்டுல்லி, குக்கீ என்கிற சின்ன நினைவுக் குறிப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். ஷாப்பிஃபை மென்பொருளில் ஓடுகிற சின்னக் கடைகளில், எந்தப் பொருள், எந்த அளவு, எத்தனை என்பதையெல்லாம் ஒரே லிங்க்கில் வைத்து அனுப்ப முடிகிறது. திறந்தால் கார்ட் நிரம்பியபடி வரும். சாப்பாட்டுக்குக்கூட ஜொமாட்டோ 2024-ல் குரூப் ஆர்டர் கொண்டுவந்தது, ஒரு லிங்க்கில் நாலு பேர் சேர்ந்து ஒரே கார்ட்டில் போடலாம். பிரியாணிக்கு முடிகிறது, குக்கருக்கு முடியாதா? விலை மாறும், இருப்பு மாறும், ஆளுக்கு ஆள் சலுகை மாறும் என்பார்கள். மாறட்டுமே! என் கார்ட்டில் இருக்கும்போதே தினம் மாறிக்கொண்டுதானே இருக்கிறது? புது விலையைக் காட்டிக் கட்டச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது?

கம்ப்யூட்டரில் பிரௌசருக்கு இதற்கென்று எக்ஸ்டென்ஷன் என்று வேறு ஆள் செய்த கூடுதல் மென்பொருள் கிடைக்கிறது. ஆனால் நாங்கள் வாங்குவது போனில். அதுவும் போக, கடைக்காரன் செய்ய வேண்டிய வேலைக்கு யாரோ மூன்றாம் ஆளை என் கணக்குக்குள் ஏன் விட வேண்டும்?

இதில் எனக்கு ரொம்பக் கொதிப்பது என்னவென்றால், கார்ட்டில் என்ன கிடக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் ஒரு நோட்டிஃபிகேஷன், ராத்திரி ஒரு நோட்டிஃபிகேஷன், "உங்கள் கார்ட்டில் பொருள்கள் காத்திருக்கின்றன" என்று. என்னை விரட்டுவதற்கு அந்தப் பட்டியல் உதவும், அண்ணனுக்குக் கொடுப்பதற்கு மட்டும் உதவாது. காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் சாமான் சிட்டை எழுதிக் கொடுத்தால், "இதை எடுத்து வை, அண்ணன் வந்து பணம் கொடுப்பாக, இந்த முகவரிக்கு அனுப்பிடு" என்று மூன்று வாக்கியத்தில் முடிகிற காரியம் இது.

நான் கேட்பது ஒரு லிங்க். அதைத் திறந்தால் நான் தேர்ந்தெடுத்த அளவும் நிறமும் எண்ணிக்கையும் அப்படியே இருக்க வேண்டும். டெலிவரி முகவரியும் கூடவே போக வேண்டும். வேண்டாததை எடுத்துவிட்டு அவர் தன் கணக்கில் பணம் கட்ட வேண்டும். டெலிவரி ஓடிபியும் திருப்பி அனுப்புகிற உரிமையும் சாமானை வாங்கிக்கொள்கிறவள் போனுக்குப் போக வேண்டும். கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, "உங்கள் சகோதரரை ஒவ்வொரு பொருளாகத் தேடிச் சேர்க்கச் சொல்லுங்கள் மேடம்" என்றார்கள். தீபாவளி விற்பனைக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுக்கிற காசில் ஒரு துளியை எடுத்து, முதலில் இந்தப் பட்டனை வையுங்கள்.