திரை உடைந்தால் சாப்ட்வேர் ஏற்ற முடியாதா?

"டிஸ்ப்ளே உடைஞ்ச போன்ல கம்பெனி சாப்ட்வேரைத் திரும்ப ஏத்தவே முடியாது, முதல்ல டிஸ்ப்ளே மாத்துங்க." வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

சாம்சங் போனை, சாப்ட்வேர் ஏற்றுவதற்கான நிலையான டவுன்லோட் மோடுக்குப் பட்டன்களாலேயே கொண்டுபோகலாம். கம்ப்யூட்டரில், சாம்சங் போனுக்குச் சாப்ட்வேர் ஏற்றும் ஓடின் மென்பொருளைத் திறந்தால், போன் இணைந்ததும் அதில் ஒரு கட்டம் நிறம் மாறும். திரை இருட்டாகவே கிடக்கட்டும். அந்த மாடலுக்குரிய ஃபர்ம்வேரைத்தான், அதாவது கம்பெனி சாப்ட்வேரைத்தான், ஏற்ற வேண்டும். ஐபோனுக்கு இதே வேலைக்கு ரிக்கவரி மோடு உண்டு.

கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்ப உதவும் யுஎஸ்பி டீபக்கிங் அனுமதிக்குத்தான் திரையைத் தொட வேண்டும்; இந்த வேலைக்கு அது தேவையில்லை. வதந்தி அங்கே முளைத்திருக்கலாம்.

உண்மையான ஆபத்து வேறு: ஓடினில் சிஎஸ்சி கோப்பைப் (ஃபர்ம்வேரோடு வரும், நாடு, நெட்வொர்க் அமைப்புகள் கொண்ட கோப்பு) போட்டால் போட்டோ எல்லாம் அழிந்துவிடும். தரவு வேண்டுமென்றால் அதற்குப் பதில் ஹோம் சிஎஸ்சி கோப்பைப் போட வேண்டும். ஏற்றியபின் போனைப் பயன்படுத்தத் திரை வேண்டும்தான், அது வேறு கணக்கு.