தலைமை வழக்குரைஞரை எதை வைத்து எடைபோடுவது?

அரசின் தலைமை வழக்குரைஞர் ஒருவர் பதவியை விட்டு இறங்கும்போது, அவர் வென்ற வழக்குகளையும் வகித்த பொறுப்புகளையும் வரிசையாகச் சொல்லிப் பாராட்டுவது வழக்கம். எங்கள் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலின் தேநீர்க் கடைப் பேச்சும் அதற்கு விலக்கன்று. தம்மை நியமித்த அரசுக்குப் பிடிக்காததை அவர் எப்போதாவது சொன்னாரா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

1950 முதல் 1963 வரை நாட்டின் முதல் அட்டர்னி ஜெனரலாக, அதாவது ஒன்றிய அரசின் தலைமை வழக்குரைஞராக, இருந்தவர் எம்.சி. செதல்வாட். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களுக்குப் போன விவகாரத்தை 1958இல் நீதிபதி சாக்ளா விசாரித்தபோது, ஆணையத்துக்குத் துணைநின்று அதிகாரிகளையும் அமைச்சரையும் சங்கடப்படுத்தும் உண்மைகளை வெளிக்கொணர்ந்தவர் அவரே. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். செதல்வாட்டோ மேலும் ஐந்து ஆண்டுகள் அதே பதவியில் நீடித்தார். இன்று இப்படி நடக்குமா என்று கேட்டால் சிரிப்புதான் வருகிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாமா என்ற வழக்கில், அதே நாற்காலியில் இருந்து உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடியவர் நிரேன் டே. சட்டவிரோதமாக ஒருவரின் உயிரே பறிக்கப்பட்டாலும் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்க, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்றே அவர் பதிலளிக்க வேண்டியிருந்தது. 1976இல் அரசின் பக்கமே தீர்ப்பானது. மாறுபட்டவர் கன்னா ஒருவரே. வழக்கை வென்ற கணக்கில் இதையும் சேர்க்கலாம்தான்.

குறை ஆளிடம் மட்டுமன்று, அமைப்பிலும் இருக்கிறது. அரசமைப்பின் 76ஆவது பிரிவின்படி அட்டர்னி ஜெனரல் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையும், 165ஆவது பிரிவின்படி மாநில அரசின் தலைமை வழக்குரைஞரான அட்வகேட் ஜெனரல் ஆளுநரின் விருப்பம் உள்ளவரையும் பதவியில் இருக்கலாம். நடைமுறையில் அது ஆளுங்கட்சியின் விருப்பம். ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். இந்த நிலையில் துணிச்சலை எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான்.

ஆனால் அதன் விலையை ஆற்றங்கரையில் இருக்கும் நாங்கள் கொடுக்கிறோம். தாமிரபரணி மணல் கொள்ளைக்கு எதிராகத் தோழர் நல்லகண்ணு வழக்குத் தொடுத்து, 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஆற்றைக் காக்க வேண்டிய அரசு அதற்கு முன்பே தானாகத் தடுத்திருக்கலாமே! இத்தகைய வழக்குகளில் அரசுத் தரப்பு எழுந்து, பதில் மனு தாக்கல் செய்ய அவகாசம் கேட்கும், வாய்தா கிடைக்கும், வழக்குக் கட்டு மீண்டும் அலமாரிக்குப் போகும், அதற்குள் ஆற்றில் பள்ளம் இன்னும் ஆழமாகிவிடும்.

அரசுக்குத் தலைமை வழக்குரைஞர் எழுதித் தரும் சட்டக் கருத்துரைகள், வழக்கு முடிந்த பிறகாவது, மக்கள் பார்வைக்கு வர வேண்டும். வழக்குரைஞர் காக்க வேண்டிய கட்சிக்காரரின், அதாவது இங்கே அரசின், இரகசியம் என்பார்கள். அந்தக் கட்சிக்காரர் செலுத்தும் கட்டணம் எங்கள் வரிப் பணம் என்பதால், கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்றே கருதுகிறேன்.