"கோழின்னா செல்லு இருக்கத்தான் செய்யும்" என்று சொல்கிறவர்களுக்கு

இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை யாராவது என்னிடம் சொன்னால் நான் பேசாமல் இருக்கமாட்டேன். செல்லு என்றால் கோழியைக் கடித்து ரத்தம் குடிக்கிற பொடிப் பூச்சி. பக்கத்து வீட்டு மதினி சொன்னார். சந்தையில் கோழி விற்றவர் சொன்னார். மருந்துக்கடைக்காரர் சொன்னார். கடைசியில் என் மாமனாரும் அதையே சொல்லிவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார். "கோழின்னா செல்லு இருக்கத்தான் தாயி செய்யும்."

வைகாசியில் என் சிறுவிடைக் கோழி, அது ஒரு நாட்டுக்கோழி வகை, 11 முட்டையில் அடை உட்கார்ந்தது. மண்சட்டியில் மணல் பரப்பி, ஓரத்தில் ஒரு கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இரும்பு ஆணி எல்லாம் வைத்தேன். இடி இடித்தால் முட்டைக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் எப்போதும் வைப்பதுதான். சிறுவிடை லேசில் அடையை விட்டு எழாது. தீனிக்கு இறங்கினாலும் பத்து நிமிடத்தில் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட கோழி 15ஆம் நாள் எழுந்துபோய் வேப்பமரத்தடியில் நின்றது. பிடித்துவந்து உட்கார வைத்தால் மறுபடி இறங்கி ஓடியது. கண் பட்டுவிட்டது என்றார்கள். இடியில் முட்டை கூமுட்டையாகிவிட்டது என்றார்கள். நானும் இரண்டு நாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டியின் விளிம்பு அசைந்தது. முட்டைகளின்மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக ஊர்ந்தன. ஒரு வெள்ளைத் துணியால் கூண்டுப் பலகையின் இடுக்கைத் துடைத்தேன், துணி முழுக்க ரத்தக் கோடு. அத்தனையும் என் கோழியின் ரத்தம். முட்டையை உடைத்துப் பார்த்தபோது முக்கால்வாசி வளர்ந்த குஞ்சுகள், மயிர் முளைத்து, செத்துக் கிடந்தன. கூமுட்டையாம்! தாய்க்கோழியின் கொண்டை வெளுத்து வெள்ளைத்தாள் மாதிரி ஆகியிருந்தது. நான்காம் நாள் அதுவும் போனது. உடம்பெல்லாம் கடித்து ரத்தம் குடிக்கிற பூச்சிமேல் அது எப்படி உட்கார்ந்திருக்கும்? நம்மை அப்படி ஒரு பாயில் 21 நாள் படுக்கச் சொன்னால் படுப்போமா?

சரி, அப்புறம் என்ன சொன்னார்கள்? "சாம்பல் தூவு."

சாம்பல் தூவினேன். சாம்பலை நான் குறை சொல்லவில்லை. கோழி சாம்பலிலும் புழுதியிலும் புரண்டு குளிக்கத்தான் வேண்டும், இறகில் இருக்கிற பேனுக்கு அது ஓரளவு கேட்கும். ஆனால் பேன் வேறு, செல்லு வேறு என்று இத்தனை வருடம் கோழி வளர்க்கிறவர்கள் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே, அதுதான் ஆத்திரம். பேன் கோழியின் உடம்பிலேயே பிறந்து உடம்பிலேயே சாகும். ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கினால் மஞ்சளாக ஓடும், இறகின் அடியில் முட்டை கொத்தாக ஒட்டியிருக்கும். செல்லில் ஒரு வகையும் உடம்பிலேயே இருக்கும். ஆனால் என் கோழியைக் கொன்ற இந்த வகை பகலில் பெரும்பாலும் கோழிமேல் இருக்காது. பலகை இடுக்கு, சாக்கு மடிப்பு, கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடையின் பின்னல், சுவர் விரிசல் என்று ஒளிந்துகிடந்து, இருட்டியதும் ஏறிக் குடித்துவிட்டு விடியுமுன் இறங்கிவிடும். பகலில் கோழியைப் பிடித்து மருந்தும் சாம்பலும் போட்டு என்ன பயன்? பூச்சி இருப்பது கூண்டில்!

அதனால்தான் ஆள் ஆளுக்கு ஏமாறுகிறோம். எங்கள் தெருவில் ஒரு அண்ணன், கோழியெல்லாம் செத்த பிறகு கூண்டை ஒரு மாதம் காலியாகப் போட்டு, "பட்டினியில செத்திருக்கும்" என்று புதுக் குஞ்சுகளை விட்டார். ஒன்றுகூடத் தேறவில்லை. இந்தப் பூச்சி ரத்தமே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். சுவர் விரிசலில் இருக்கிற கோழி உண்ணி அதையும் மிஞ்சும், வருடக்கணக்கில் தாங்கும். அந்தக் குஞ்சுகள் செத்ததையும் வெள்ளைக்கழிச்சல் நோய் என்று எழுதி முடித்துவிட்டார்கள். நம் ஊரில் கோழி எதில் செத்தாலும் வெள்ளைக்கழிச்சல்தான். இறகைத் தூக்கிப் பார்க்க ஒருத்தருக்கும் கை வராது.

மருந்துக்கடை கதை தனி. பெயர்ச்சீட்டே இல்லாத ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "தண்ணில கலந்து கோழிய முக்கி எடும்மா, ஒரே தடவைல போயிரும்" என்றார். என்ன மருந்து என்று கேட்டால் பதில் இல்லை. முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்று கேட்டேன். "நாட்டுக்கோழி முட்டைக்கு என்னம்மா, சாப்பிடலாம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அந்த முட்டையைத் தின்பது என் நான்கு வயதுப் பிள்ளை. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கண்ணளவில் கலந்து கோழிமேல் தெளிக்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் தடவித் தோல் வெந்துபோன கோழியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் என்ன நடந்தது என்று தெரியுமா? இதே செல்லை ஒழிக்கக் கோழிப்பண்ணைகளில் அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. அதை உணவுக்கான கோழிகளிடம் பயன்படுத்த அங்கே அனுமதி இல்லை. முட்டையில் அது இருப்பது தெரிந்ததும் பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள், பண்ணைகளை மூடினார்கள். அதே ஃபிப்ரோனில் இங்கே நெல்லுக்கும் கரும்புக்கும் பூச்சிமருந்துக் கடையில் கிடைக்கிறது. நம் கொல்லைப்புறத்து முட்டையை யார் எடுத்துப் போய்ச் சோதிக்கப் போகிறார்கள்? நாமாகப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

"ஒரே தடவைல போயிரும்" என்பதுதான் பெரிய பொய். நம் வெயிலுக்கு இந்தப் பூச்சி முட்டையிலிருந்து வெளிவந்து, வளர்ந்து, தானும் முட்டையிட ஒரு வாரம், பத்து நாள் போதும். இன்றைக்கு அடிக்கிற மருந்து இடுக்கில் இருக்கிற பூச்சியின் முட்டையை ஒன்றும் செய்யாது. அடுத்த வாரம் அது பொரித்துவரும். அப்போது மறுபடி அடிக்க வேண்டும், அதற்கு அடுத்த வாரமும் பார்க்க வேண்டும். இதை ஒரு கடைக்காரர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

கால்நடை மருந்தகத்துக்கும் போனேன். ஆட்டோடும் மாட்டோடும் நின்ற வரிசையில் என் கூடையைப் பார்த்ததும் அங்கிருந்த ஒருவர், "இதுக்கா வந்தீங்க, அடிச்சுக் குழம்பு வைக்க வேண்டியதுதானே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுப் பால் செலவும் பிள்ளையின் நோட்டுச் செலவும் இந்தக் கோழிகளின் முட்டையில்தான் ஓடுகிறது. அது சின்னக் காசுதான், ஆனால் என் காசு. அங்கே உள்ளே இருந்த டாக்டர் நல்லவர். இறகை விலக்கிப் பார்த்தார், மருந்தின் பெயரை எழுதி, அளவைச் சொல்லி, எத்தனை நாள் முட்டை எடுக்கக்கூடாது என்பதையும் சொன்னார். குடல்புழுவுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார். எறும்பையும் வண்டையும் கொத்தித் தின்கிற கோழிக்கு நாடாப்புழு வரத்தான் செய்யும், அதற்கு முறையாக மருந்து கொடுக்க வேண்டும் என்றார். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் முன்பே கிடைத்திருந்தால் என் கோழி பிழைத்திருக்கும்.

இன்னொன்று. "அந்தக் காலத்துல இதெல்லாம் யாரு பாத்தா" என்று பேசாதீர்கள். என் அப்பத்தா பார்த்தாள். ஒவ்வொரு அடைக்கும் பழைய மணலைக் கொட்டிவிட்டு வெயிலில் காய்ந்த புது மணல் போடுவாள். அடியில் நொச்சித்தழையும் வேப்பந்தழையும் வைப்பாள். வருடத்துக்கு ஒருமுறை கூண்டை வெளியே இழுத்துப்போட்டு, வைக்கோலைக் கொளுத்தி இடுக்கெல்லாம் தீ காட்டி, அப்புறம் சுண்ணாம்பு அடிப்பாள். இருக்கத்தான் செய்யும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் வைத்த கரித்துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, அவள் மூட்டிய தீயை மறந்துவிட்டோம். நானும்தான் மறந்தேன்.

என் பிள்ளைக்கு ஒரு மாதமாகக் கையிலும் கழுத்திலும் தடிப்பு. வேர்க்குரு என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். கோழிக்கூண்டு அவன் படுக்கிற ஜன்னலுக்குக் கீழே. செல்லு மனிதர் உடம்பில் குடியிருக்காது, ஆனால் கடிக்கும். கூண்டை மாற்றிய பிறகு அவன் அரிப்பில்லாமல் தூங்குகிறான்.

பலகைகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றினேன், இடுக்கெல்லாம் சுண்ணாம்பு நிரப்பினேன். டாக்டர் எழுதிய மருந்தை இரண்டு முறை அடித்தாகிவிட்டது. தினமும் இரவு வெள்ளைத் துணியோடு போய்த் துடைத்துப் பார்க்கிறேன். முந்தாநாள் துணியில் இரண்டு கோடு, நேற்று ஒன்று. பழைய பஞ்சாரத்தை எரிக்கலாம் என்று கொல்லையில் போட்டிருந்தேன். நேற்று மாலை மதினி வந்து, தன் கோழி அடைக்கு உட்காரப்போகிறது, அதைக் கொடு என்று கேட்டார். அதில் செல்லு இருக்கிறது மதினி என்றேன்.

"கோழின்னா..." என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கும் முன்பே பஞ்சாரத்தில் தீ வைத்துவிட்டேன்.